மருந்தும் வேட்டும்: கைப்பீரங்கிகள் பற்றி ஒரு வரலாற்றுப் பார்வை

கொல்லிமலையின் அடிவாரத்தில், சுவேத நதியின் கரையில் வாழும் நமக்கு வில்லைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஊடுருவ எய்த வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்றின் 152-ஆம் பாடல், நம் மன்றத்தின் கூட்டங்களில் எத்தனையோ முறை ஒலித்திருக்கிறது. கொல்லி என்றால் ஓரி, ஓரி என்றால் வில் என்பது நம் நெஞ்சில் ஊறிய எண்ணம். ஆயின் அந்த வில்லுக்குப் பின் என்ன நடந்தது? வில் கைநழுவிய இடத்தில் எது வந்து அமர்ந்தது? அதைப் பாடியவர் யார்?

பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை எழுத அமர்ந்தபோது என்னை உறுத்திய வினா இதுவே. நம் கவியரங்குகளில் கட்டபொம்மனும் மருது பாண்டியரும் தீரன் சின்னமலையும் அடிக்கடி வருகின்றனர். வரும்போதெல்லாம் அவர்கள் கையில் வாளும் வேலும் இருக்கும். எதிரே வெள்ளையன் கையில் பீரங்கி இருக்கும். உணர்ச்சிக்கு இது உகந்த காட்சிதான். ஆனால் இது முழு உண்மையன்று. நம்மவர் கையிலும் குழல் இருந்தது. குழலுக்கு மருந்து இருந்தது. அந்த மருந்தை அரைத்தவரும் அந்தக் குழலை அடித்தவரும் நம் ஊர்களில் வாழ்ந்தனர். அவர்களை மறந்துவிட்டுத் தலைவர்களை மட்டும் பாடுவது, கொல்லனை மறந்து வாளைப் பாடுவது போன்றது. எனவே பெரும் பீரங்கிகளை விட்டுவிட்டு, ஒரு மனிதன் கையில் ஏந்தக்கூடிய சிறு பீரங்கிகளின் கதையை இங்கே சொல்ல விழைகிறேன்.

சொற்கள் சொல்லும் வரலாறு

கவிஞர்கள் கூடும் இடத்தில் வரலாற்றைச் சொல்லிலிருந்தே தொடங்கலாம். பீரங்கி என்ற சொல் எங்கிருந்து வந்தது? மேற்கு ஐரோப்பியரை அரபியரும் பாரசீகரும் ‘பிராங்க்’ என்ற இனப்பெயரின் அடியாக ‘பரங்கி’, ‘பிரங்கி’ என்றனர். அவ்வழியே நமக்குப் பறங்கியர் வந்தனர், பறங்கிமலை வந்தது, கடல் கடந்து வந்த காய்க்குப் பறங்கிக்காய் என்ற பெயர் வந்தது. பீரங்கியும் அதே வேரில் கிளைத்த சொல்லே என்பர். அடுப்பங்கரையில் வேகும் காயும் கோட்டையை இடிக்கும் குழலும் உடன்பிறந்தவை என்பது எத்துணை வியப்பு!

துப்பாக்கி துருக்கி மொழியின் வழி வந்தது. அங்கே அதன் மூலச்சொல் முதலில் ஊதுகுழலைக் குறித்தது என்பர்; வாயால் ஊதி எய்யும் குழலின் பெயர், மருந்தால் எய்யும் குழலுக்கு ஆயிற்று. சக்கிமுக்கி என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அந்தச் சொல்லும் ‘சக்மக்’ என்னும் துருக்கிச் சொல்லின் திரிபே. துப்பாக்கியின் மேல் மடங்கி நின்று அடிக்கும் உறுப்பை ஆங்கிலேயர் சேவல் என்ற பொருள்படும் சொல்லால் அழைத்தனர். நாம் குதிரை என்றோம். இந்தி பேசுவோரும் குதிரை என்றே சொல்வர். ஒரே இரும்புத் துண்டு ஒரு நாட்டில் கொத்த வரும் சேவலாகவும் மற்றொரு நாட்டில் பாயக் காத்திருக்கும் குதிரையாகவும் தோன்றியிருக்கிறது.

இவை யாவும் வந்த சொற்கள். ஆனால் இந்தக் கருவியின் உயிராக விளங்கும் பொருளுக்கு நாம் இட்ட பெயர் தனித்தமிழ்ச் சொல்: மருந்து. வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்குத் தலைப்பாக இட்ட அதே சொல். துப்பாக்கிக்கு மருந்து கெட்டித்தல், வேட்டுக்கு மருந்து இடித்தல் என்று நம் ஊர்களில் இயல்பாகச் சொல்வர். இது நம்முடைய விந்தை மட்டுமன்று. வெடிமருந்தைக் கண்டறிந்த சீனர் அதனை ‘நெருப்பு மருந்து’ என்றனர். சாவாமை தரும் மருந்தைத் தேடிய அவர்தம் இரசவாதிகளின் உலைக்களத்தில் அது பிறந்தது. பாரசீகத்தில் ‘தாரு’ என்றால் நோய்க்கான மருந்து. வெடிமருந்துக்கும் அதுவே பெயர். நம் சித்த மருத்துவத்திலும் வெடியுப்பும் கந்தகமும் மருந்துப் பொருள்களாகவே இடம்பெறுகின்றன. சித்தர்கள் உறைந்த மலை என்று நாம் போற்றும் கொல்லியின் அடிவாரத்தில் இதனை நினைத்துப் பார்க்க வேண்டும். நீரடைப்பை நீக்கவும் தோல்நோயைத் தீர்க்கவும் பயன்பட்ட இரு பொருள்கள் கரியோடு சேர்ந்தபோது உயிரைப் போக்கும் பொருளாயின. பெயர் மட்டும் மாறவில்லை.

கைப்பீரங்கியின் பிறப்பு

முதலில் பெரும் பீரங்கி பிறந்தது, பின்னர் அது சிறுத்துத் துப்பாக்கியாயிற்று என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கிடைத்துள்ள சான்றுகள் அவ்வாறு கூறவில்லை. உலகின் மிகப் பழைய குழற்கருவிகளுள் ஒன்று, சீனத்தின் வடகிழக்கில் ஹெய்லோங்சியாங் மாநிலத்தில் 1970-இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. வெண்கலத்தால் ஆன அதன் நீளம் 34 செ.மீ.; எடை சுமார் மூன்றரைக் கிலோ; குழலின் வாய் இரண்டரை செ.மீ. அளவே. 1288-ஆம் ஆண்டை ஒட்டிய போர்களில் அது பயன்பட்டதாக அறிஞர் கணிக்கின்றனர். பின்புறத்தில் ஒரு கழியைச் செருகிக் கையால் தாங்கி, குழலின் அடியிலுள்ள சிறு துளையில் நெருப்பை வைத்து வெடித்தனர். விசை இல்லை, குதிரை இல்லை, குறிபார்க்கும் முள் இல்லை. ஒரு குழல், ஒரு துளை, ஒரு கொள்ளி, அவ்வளவே.

இத்தகைய கருவி மேற்கே பரவியது. ஜெர்மனியில் 1399-இல் அழிக்கப்பட்ட தானன்பெர்க் கோட்டையின் இடிபாட்டில், சுமார் 32 செ.மீ. நீளமுள்ள வெண்கலக் கைக்குழல் ஒன்று கிடைத்தது. சீனத்துக் குழலையும் ஐரோப்பியக் குழலையும் அருகருகே வைத்தால் ஒரே கொல்லன் செய்தவையோ என ஐயுறத் தோன்றும்.

நம் நாட்டுக்கு வருவோம். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் பசல் எழுதிய ‘அயினி அக்பரி’ பீரங்கிகளை அவற்றைச் சுமப்போரைக் கொண்டு வகைப்படுத்துகிறது. யானை சுமப்பது கஜநாள். ஒற்றை மனிதன் சுமப்பது நரநாள். நாள் என்பது குழல். தாமரைத் தண்டை நாளம் என்று நாம் வழங்கும் அதே சொல். மனிதன் சுமக்கும் குழலாகிய நரநாளே, கைப்பீரங்கிக்கு இந்திய மண்ணில் வழங்கிய பெயர். ஒட்டகத்தின் முதுகில் சுழலும்படி பொருத்திய சிறு பீரங்கிக்கு சம்பூரக் என்று பெயர். பாரசீகத்தில் அது குளவியைக் குறிக்கும் சொல்லின் அடியாகப் பிறந்தது. யானை, மனிதன், குளவி! ஆயுதங்களுக்குப் பெயரிட்டவர்களும் ஒருவகையில் கவிஞர்களே.

தென்னாட்டில் 1520-இல் கிருஷ்ணதேவராயர் ராய்ச்சூரை முற்றுகையிட்டபோது போர்த்துக்கீசியத் துப்பாக்கி வீரர் அவர் பக்கம் நின்றனர். நாயக்கர் காலத்திலோ நம் கொல்லர்களின் கைத்திறன் உச்சத்தை எட்டியது. தஞ்சைக் கோட்டை மேட்டில் இன்றும் கிடக்கும் இராசகோபாலப் பீரங்கி சுமார் 25 அடி நீளமும் 22 டன் எடையும் கொண்டது, அது வார்த்ததன்று. நீண்ட இரும்புப் பட்டைகளை அடுக்கி, மேலே வளையங்களைப் பூட்டி, பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து இணைத்தது. பெரிய அளவில் செய்த அதே வேலையைத்தான் ஊர்க் கொல்லன் சிறிய அளவில் செய்தான்: ஒரு கம்பியின் மேல் இரும்புத் தகட்டைச் சுற்றி, உலையில் காய்ச்சி, அடித்து அடித்து ஒன்றாக்கிக் கம்பியை உருவிவிட்டால் குழல் ஆயிற்று.

கையுரல்

ஐரோப்பாவில் இதே காலத்தில் விந்தையான ஒரு கருவி தோன்றியது. வானை நோக்கி வாய் திறந்து, குண்டை வளைவாக எறியும் குட்டைப் பீரங்கியை அவர்கள் ‘மார்ட்டர்’ என்றனர். இலத்தீனில் அச்சொல்லுக்கு உரல் என்று பொருள், உருவமும் உரலேதான். அந்த உரலைச் சிறிதாக்கி, துப்பாக்கியின் மரக்கட்டையில் பொருத்தி, ஒரு மனிதன் கையில் கொடுத்தனர். இதனைக் கையுரல் என்று நாம் அழைக்கலாம். 16-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை இது வழக்கில் இருந்தது. இங்கிலாந்தின் அரச ஆயுதக் காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

எறிகுண்டைக் கையால் வீசினால் சிறிது தூரமே செல்லும். வீசுபவனும் எதிரியின் குறிக்குள் நிற்க நேரும். அக்குறையைத் தீர்க்கவே கையுரல் பிறந்தது. அதன் வாயில் வைத்தது, உள்ளே மருந்து அடைத்துத் திரி செருகிய இரும்புக் குண்டு. உருவத்தாலும் உள்ளே மணிமணியாக நிறைந்திருந்ததாலும் பிரெஞ்சுக்காரர் அதனை மாதுளை என்றே அழைத்தனர். ‘கிரனேட்’ என்னும் சொல்லின் பொருள் மாதுளம்பழமே.

இக்கையுரல்கள் பலவற்றில் தீ மூட்டும் பொறி சக்கிமுக்கியால் ஆனது. குதிரையின் வாயில் ஒரு சக்கிமுக்கிக் கல் கவ்வியிருக்கும். விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து எதிரே நிற்கும் எஃகுத் தகட்டை உரசும். தகடு பின்னே சாயும். அதன் கீழே இருக்கும் சிறு கிண்ணம் திறக்கும். பொறிகள் அதிலுள்ள இரஞ்சகத்தின் மேல் விழும். இரஞ்சகம் என்பது தீப்பற்றுவதற்கென வைக்கும் நுண்மருந்து. அது எரிந்து, காது போன்ற சிறு துளையின் வழியே குழலுக்குள் நெருப்பைச் செலுத்தும். கண் இமைப்பதற்குள் இவ்வளவும் நடந்து முடியும். இப்பொறியைப் பிரான்சில் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரேன் லெ பூர்சுவா என்பவர் செம்மைப்படுத்தினார் என்பர். 1807-இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாந்தர் போர்சித், தட்டினால் வெடிக்கும் மருந்துக்குக் காப்புரிமை பெறும்வரை ஏறத்தாழ இருநூறாண்டுகள் உலகப் போர்களின் விதியை ஒரு சிறு கல் தீர்மானித்தது.

கையுரல் ஏன் மறைந்தது? குண்டு கனமானது, ஆகவே பின்னுதைப்பும் கொடியது. தோளில் வைத்துச் சுட்டால் தோள் தாங்காது. கட்டையைத் தரையில் ஊன்றியோ சேணத்தில் சார்த்தியோ சுட வேண்டியிருந்தது. அதனினும் கொடியது மற்றோர் இடர். குண்டின் திரியைக் கையால் பற்றவைத்தபின் பொறி தீப்பிடிக்காமல் போனால் என்செய்வது? திரியோ எரிந்துகொண்டிருக்கும், குண்டோ குழலுக்குள் இருக்கும், குழலோ வீரனின் கையில் இருக்கும். எதிரிக்காகச் செய்த கருவி ஏந்தியவனையே கொன்றது. பின்னர் எறிகுண்டுப் படை என்பது உயரமான, உறுதியான வீரரின் சிறப்புப் பெயராக மட்டும் எஞ்சியது; கம்பெனியின் சென்னைப் படையிலும் அப்பெயருடைய பிரிவுகள் இருந்தன. கையுரலின் எண்ணம் மட்டும் மடியவில்லை. 1961-இல் அமெரிக்கப் படை ஏற்ற குண்டெறி துப்பாக்கி அதன் வழித்தோன்றலே.

நம் மண்ணின் குழல்கள்

சேலம், நாமக்கல் சமவெளி 18-ஆம் நூற்றாண்டில் மைசூரின் ஆட்சியில் இருந்தது. 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின்னரே பாராமகாலும் சேலமும் கம்பெனியின் வசமாயின. ஆகவே ஐதரும் திப்புவும் கையாண்ட படைக்கலங்கள் நம் ஆத்தூர், நாமக்கல், சங்ககிரிக் கோட்டைகளுக்கு அயலானவையல்ல. திப்புவின் ஏவுகணைகளைப் பலர் அறிவர்; அவருடைய சீரங்கப்பட்டணப் பட்டறைகளில் செய்த சக்கிமுக்கித் துப்பாக்கிகளைச் சிலரே அறிவர். குட்டையான, அகன்ற வாயுடைய கைக்குழல்களும் அங்கே உருவாயின. ஐரோப்பியர் இவ்வகையை ‘பிளண்டர்பஸ்’ என்பர். டச்சு மொழியில் இடிக்குழல் என்பது அதன் மூலப்பொருள். கையில் ஏந்தும் சிறு பீரங்கி என்று சொல்லத்தக்கது இதுவே. புலித்தலையும் புலிவரியும் பொறித்த திப்புவின் துப்பாக்கிகள் இன்று இங்கிலாந்தின் காட்சியகங்களில் உள்ளன. அந்தப் பொறிகளின் நேர்த்தி ஐரோப்பிய வேலைக்குச் சற்றும் குறைந்ததன்று.

ஆயினும் பாளையக்காரரின் படைகளிலும் ஊர்களிலும் மிகுதியாக வழங்கியது திரித் துப்பாக்கியே. எரியும் திரியைக் கிண்ணத்தில் தொடவைக்கும் எளிய கருவி. இதனை நம்மவரின் பின்தங்கிய நிலை என்று எளிதில் முடிவுகட்டிவிடலாகாது. சக்கிமுக்கிப் பொறிக்குத் துல்லியமான விற்சுருள்கள் வேண்டும். உரசுமிடத்தில் கடும் எஃகு வேண்டும். சில பத்து முறை சுட்டதும் கல்லை மாற்ற வேண்டும். ஆங்கிலேயருக்கு அதற்கென இங்கிலாந்தின் பிராண்டன் என்னும் ஊரில் கல்லுடைக்கும் தொழிலே இருந்தது. நம் மலைச்சரிவுகளில் கிடைக்கும் வெங்கச்சாங்கல் அடுப்புக்குப் பொறி தரும். படைத்துப்பாக்கியின் வாய்க்கு அது ஈடாகாது. திரித் துப்பாக்கி பழுதானாலோ ஊர்க் கொல்லனே சரிசெய்வான். எவரையும் எதிர்பாராத கருவி அது.

அதற்கு வேண்டிய யாவும் நம் சமவெளியிலேயே கிடைத்தன. கஞ்சமலையின் காந்த இரும்பு பழங்காலம் முதலே பெயர்பெற்றது. துருத்தி ஊதும் சிறு உலைகளில் நம்மவர் இரும்பு எடுத்தனர். மருந்தின் முக்கால் பங்காகிய வெடியுப்பை உவர்மண்ணிலிருந்து காய்ச்சி எடுத்தவர் உப்பிலியர். பழைய குட்டிச்சுவர்களின் அடியிலும் மாட்டுத் தொழுவங்களின் அருகிலும் பூத்து நிற்கும் மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து, வடித்து, காய்ச்சி, ஆறவைத்தால் ஊசிபோல் வெடியுப்பு உறையும். எருக்கு முதலிய இலேசான செடிகளைச் சுட்டுக் கரி எடுத்தனர். கந்தகம் மட்டுமே கடல் கடந்து வந்தது. உப்பு எழுபத்தைந்து, கரி பதினைந்து, கந்தகம் பத்து என்ற அளவை ஐரோப்பியர் நூலில் எழுதி வைத்தனர். நம்மவர் கையளவிலும் கண்ணளவிலும் காத்து வந்தனர்.

ஆகவே, ‘பீரங்கிக்கு எதிரே வேல்’ என்னும் நம் கவியரங்கக் காட்சியைச் சற்றுத் திருத்த வேண்டியுள்ளது. 1801 மார்ச் 31-இல் பாஞ்சாலங்குறிச்சியின் மேல் பாய்ந்த கம்பெனிப் படை பேரிழப்போடு பின்வாங்கியது. மண்கோட்டைக்குள் நின்றவர் கையில் நெடுவேல்கள் இருந்தன. திரித் துப்பாக்கிகளும் இருந்தன. கோட்டை வீழ்ந்தது மே 24-இல். தோற்றது அறிவின்மையால் அன்று. ஒரே அளவில் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளைச் செய்து, நிமிடத்துக்கு மூன்று முறை சுடப் பழக்கிய வீரரிடம் தடையின்றிக் கொண்டு சேர்க்கும் அமைப்பு எதிரியிடம் இருந்தது, நம்மிடம் இல்லை. இந்த உண்மை நம் வீரரைச் சிறுமைப்படுத்தாது. மாறாக, அவர்களை ஏதுமறியாத எளியோராகக் காட்டும் பழியிலிருந்து விடுவிக்கும்.

பறிபோன குழல்கள்

போர் முடிந்தபின் நடந்ததே நம் வரலாற்றின் கவனிக்கப்படாத பகுதி. 1801 டிசம்பர் 1-ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிக்கை வெளியிட்டார். தென்பாளையங்களில் மக்கள் படைக்கலம் ஏந்துவதும் பயில்வதும் தடை செய்யப்பட்டன, கோட்டைகள் தகர்க்கப்பட்டன. நம் சமவெளியின் சங்ககிரிக் கோட்டையில் 1805-இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டதோடு கொங்கிலும் அந்த அத்தியாயம் முடிந்தது.

அடுத்த அடி தஞ்சையில் விழுந்தது. மராட்டிய மன்னரின் வழி 1855-இல் முடிவுற்றதாகக் கம்பெனி அறிவித்தபின், தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அரண்மனை ஆயுதச்சாலையிலிருந்து சிலவற்றைச் சென்னை அருங்காட்சியகத்துக்குத் தேர்ந்தெடுத்தனர். 1863-இல் எஞ்சியவற்றின் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. நம் கொல்லர்களின் சில நூற்றாண்டுக் கைத்திறன் எடைக்கு எடை போனது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்று நாம் காணும் படைக்கலங்கள் அந்தப் பேரழிவிலிருந்து தப்பிய சிறு பங்கே.

1878-இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் வந்தது; உரிமம் இன்றி இந்தியர் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமாயிற்று. 1884-இல் வெடிபொருள் சட்டம் வந்தது. உவர்மண்ணில் உப்புக் காய்ச்சுவதையும் அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசு ஒடுக்கியது. வெடியுப்புக் காய்ச்சும்போது உடன்விளையும் சோற்றுப்பு வரிக்கு உலைவைக்கும் என்பது அதன் அச்சம். உப்பிலியரின் அடுப்புகள் அணைந்தன. குழல் அடித்த கொல்லன் கலப்பைக் கொழுவோடு நின்றான். கொல்லி, பச்சைமலை, கல்வராயன் மலைகளில் விளைபுனத்தைப் பன்றியிடமிருந்து காக்க வைத்திருந்த வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி மட்டும் அந்தப் பழைய மரபின் கடைசிச் சாட்சியாக நின்றது. இன்று அதுவும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்கு உட்பட்டது; உரிமம் இல்லாதவற்றை ஒப்படைக்கும்படி காவல்துறை அவ்வப்போது மலையூர்களில் அறிவிக்கிறது. காலத்துக்கேற்ற சட்டம் வேண்டுவதே. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒப்படைக்கும் ஒவ்வொரு குழலோடும் அதைச் செய்தவன் வழங்கிய சொற்களும் போய்விடுகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கோயில் வாசலில் எஞ்சியது

அப்படியானால் கைப்பீரங்கி நம் மண்ணிலிருந்து முற்றும் அகன்றுவிட்டதா? இல்லை என்பேன். அது கோயில் வாசலில் அடைக்கலம் புகுந்தது.

திருவிழா நாளில் சாமி புறப்படும் முன் அதிர்வேட்டு முழங்குவதைக் கேட்காதவர் நம்மில் இல்லை. கனத்த இரும்புக் குழல்; ஒருபுறம் மூடியது; அடியில் சிறு துளை. அதில் மருந்தைக் கொட்டி, மேலே செங்கல் தூளையோ மண்ணையோ இட்டுக் கோலால் இடித்துக் கெட்டித்து, நீண்ட கழியின் முனையில் நெருப்பு வைத்துத் துளையைத் தொடுவர். கேரளத்தில் இதனைக் கதினா என்பர். சபரிமலையில் வெடிவழிபாடாகவே இது நடைபெறுகிறது. இக்குழலை 1288-ஆம் ஆண்டைச் சார்ந்த சீனத்துக் குழலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குழல், துளை, கொள்ளி: அதே மூன்று. ஐரோப்பியர் உரல் என்று பெயரிட்டதன் உருவத்தையும் பாருங்கள். ஒன்றே ஒன்றுதான் இதில் இல்லை: குண்டு. கொல்லும் பகுதியை நீக்கி, முழங்கும் பகுதியை மட்டும் நம் மக்கள் தெய்வத்தின் முன் வைத்துக்கொண்டனர். உலக ஆயுத வரலாற்றில் இதைவிட நாகரிகமான ஒரு மாற்றம் உண்டா என்று நான் கேட்பதுண்டு.

எனினும் இதனைப் போற்றி மட்டும் நிறுத்திவிடுவது நேர்மையாகாது. மருந்துக்குப் பக்தி தெரியாது. 2016 ஏப்ரல் 10-ஆம் நாள் விடியற்காலையில் கேரளத்தின் பரவூர்ப் புற்றிங்கல் கோயிலில் நிகழ்ந்த வெடிவிபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கையுரலை ஏந்தி மாண்ட ஐரோப்பிய வீரனுக்கும், கெட்டிக்கும்போது தீப்பொறி பட்டு விரல்களை இழக்கும் வேட்டுக்காரருக்கும் நேர்ந்தது ஒன்றே. வீரனுக்காவது நடுகல் உண்டு. வேட்டுக்காரருக்கு? திருவிழா அழைப்பிதழில் நாதசுரக் கலைஞரின் பெயர் இருக்கும். உபயதாரர் பெயர்கள் நிரல்பட நிற்கும். ‘வாணவேடிக்கை நடைபெறும்’ என்ற வரிக்குப் பின்னே ஒரு மனிதன் இருப்பதை எவரும் எழுதுவதில்லை.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

ஓரியின் வில்லுக்கு ஒரு வன்பரணர் கிடைத்தார். பாளையக்காரரின் குழல்களுக்கு ஏட்டறிவு மிகாத கதைப்பாடகர் கிடைத்தனர், நா. வானமாமலை போன்றோர் தேடிப் பதிப்பித்திராவிடில் அவர்கள் குரலும் நமக்கு எட்டியிராது. வெடியுப்புக் காய்ச்சியவருக்கும் மருந்து இடித்தவருக்கும் குழல் அடித்தவருக்கும் இன்றுவரை எவரும் கிடைக்கவில்லை.

மரத்தில் தெய்வ உருவங்களைச் செதுக்கும் கைகளால் உலகுக்கு அறிமுகமான ஊர் நம் தம்மம்பட்டி. உளியின் பெருமையை நாம் அறிவோம். சம்மட்டியின் பெருமையையும் துருத்தியின் பெருமையையும் அறிந்துகொள்ள நமக்கு மனத்தடை இருக்கலாகாது. பத்தாண்டுகள் கவியரங்கு நடத்திய நம் மன்றம், அடுத்த பத்தாண்டுக்கு ஒரு பணியை மேற்கொள்ளலாம். அருகிலுள்ள ஊர்களில் பட்டறை வைத்திருக்கும் முதியோரிடமும், மலையூர்ப் பெரியோரிடமும், வேட்டுப் போட்டு முதுமையடைந்தோரிடமும் சென்று அமர்வோம். கெட்டித்தல், இடித்தல், இரஞ்சகம், கசக்கோல், குதிரை, காது எனத் தொடங்கி அவர்கள் வாயில் எஞ்சியிருக்கும் சொற்களை எழுதிக்கொள்வோம். அகராதிக்குள் வராத சொற்கள் அங்கே எத்தனையோ இருக்கும். அவற்றைக் கொண்டு எழுதும் ஒரு வரலாற்றுக் கவிதை, வாளும் வேலும் மட்டுமே மின்னும் நூறு கவிதைகளைவிட உண்மைக்கு நெருங்கி நிற்கும்.

இறுதியாக ஒன்று. வெடியுப்பும் சோற்றுப்பும் ஒரே மண்ணில், ஒரே சட்டியில் பிறந்தவை என்று மேலே கண்டோம். 1930-இல் இராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்குத் தொண்டர்கள் நடந்தது அந்தச் சோற்றுப்பை அள்ளுவதற்காக. படைக்கலம் ஏதுமின்றி நடந்த அந்த அணிக்கு நடைப்பாட்டு எழுதித் தந்தவர் நம் சமவெளியின் நாமக்கல் கவிஞர். பறிக்கப்பட்ட குழலுக்கு ஈடாக மற்றொரு குழலை அவர்கள் தேடவில்லை. ஒரு பிடி உப்பையும் ஒரு பாட்டையும் ஏந்தினர். வில்லில் தொடங்கிய நம் மண்ணின் போர்க்கதை, மருந்தின் வழியாக நடந்து, உப்பில் வந்து நிற்கிறது. அடுத்த திருவிழாவில் அதிர்வேட்டு முழங்கும்போது, காதைப் பொத்திக்கொள்ளும் முன் ஒரு நொடி அந்தக் கதையை நினைப்போம். கழியோடு புகைக்குள் நிற்கும் அந்த மனிதரின் பெயரையும் கேட்டு வைப்போம்.